ரிம்மா சொன்ன ‘நான்’

ரதி மருத்துவம் படித்தது ரஷ்யாவில், வரோனிஷ் என்ற நகரத்தில். யாழ்ப்பாணத்தில் கம்பஸ் அனுமதி கிடைக்காமல் போன பிள்ளைகளைக் கொழும்பில் இருந்த ஏஜென்சி ஒன்று கூட்டங்கூட்டமாக அங்கே ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. முதல் வருடம் முழுக்க மொழி மட்டும்தான். வகுப்பில் கானா நாட்டுப் பொடியன் ஒருவன், வியட்நாம் பெண்கள், சிரியாக்காரர் சிலர், இவள்.

முதல் மாரியில் ஒரு நாள் வகுப்பறை ஹீற்றர் வேலை செய்யவில்லை. ரதி கையைத் தூக்கி, தனக்குத் தெரிந்த இரண்டு சொற்களை ஒட்டி, “நான் குளிர்ந்தவள்” என்று ரஷ்ய மொழியில் சொன்னாள். ஆங்கிலத்தில் அப்படித்தானே சொல்வார்கள் என்று நினைத்துச் சொன்னது. ஆசிரியை லியூத்மிலா பெத்ரோவ்னா சோக்கட்டியைக் கீழே வைத்தார்.

“நீ இன்னும் சாகவில்லை. பிணம்தான் குளிர்ந்திருக்கும். உனக்குக் குளிர்கிறது.”

சொன்னதோடு நிற்காமல் பலகையில் எழுதியும் காட்டினார். ம்ன்யே ஹோலத்னா. எனக்குக் குளிர். எனக்குச் சலிப்பு, எனக்குப் பயம், எனக்கு வெட்கம், எனக்கு நித்திரை வருகுதில்லை. மனிதருக்கு வந்து சேர்கிற எதற்கும் ரஷ்யர் ‘நான்’ போடுவதில்லை என்றார். குமட்டலென்றால் ‘என்னை’. தலையிடியென்றால் ‘என்னிடம்’. கானாப் பொடியன் தலையைப் பிடித்துக்கொண்டான்.

“அப்படியென்றால் இந்த வசனத்தில் நான் எங்கே நிற்கிறேன்?” என்று கேட்டான்.

ரதிக்கு அதில் எந்த ஆச்சரியமும் தோன்றவில்லை. எனக்குக் குளிருது, எனக்குப் பசிக்குது, எனக்கு விருப்பமில்லை. பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவள் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள். அதை ஓர் இலக்கணம் என்று எவரும் அதுவரை சொல்லித் தந்ததில்லை. மற்றவர்கள் ஒரு வருடமாக மல்லுக்கட்டிய பாடம் அவளுக்கு ஒரு பின்னேரத்தில் பிடிபட்டுவிட்டது.

பட்டம் எடுத்தாள். ராகுலனைக் கட்டி ரொறன்ரோவுக்கு வந்தாள். இங்கே டொக்டராக வேலை செய்வதற்கான சோதனைகளில் முதலாவதை எழுதிச் சித்தியடைந்தாள். இரண்டாவது சரிவரவில்லை. யார் கேட்டாலும் அவள் சொல்வது அந்த ஒரு சொல்தான், சரிவரேல்லை. மல்வேர்னில் ஒரு ரவுன்ஹவுஸ், ஒரு மகள், பிறம்ரனில் வெயார்ஹவுஸ் ஒன்றில் லொறிகளை அனுப்பி எடுக்கும் வேலையில் ராகுலன். இவள் ஒரு நிறுவனத்தின் ஊடாக வைத்தியசாலைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் மொழிபெயர்க்கப் போனாள். ஸ்காபரோவில் தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் எத்தனையோ பேர் கிடைப்பார்கள். ரஷ்ய மொழிக்குப் போகிற தமிழ்ப் பெண் இவள் ஒருத்திதான். அவள் அறைக்குள் நுழைந்ததும் ரஷ்யர்கள் அவளுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்ப்பார்கள். அது அவளுக்குப் பழகிவிட்டது.

அந்த வேலைக்கு மூன்று கட்டுப்பாடுகள் இருந்தன. பேசுகிறவருடைய வாயாகவே பேசவேண்டும், அவர் ‘நான்’ என்றால் இவளும் ‘நான்’. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அறையில் இருக்கிற ஒருவருக்கு விளங்காத மொழியில் இன்னொருவரோடு தனிக்கதை கதைக்கக் கூடாது. ஒன்பது வருடமாக ரதி இந்த மூன்றையும் மீறியதில்லை. மீறவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதும் இல்லை.

தை மாதத்தில் ஒரு வியாழன் காலை நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். வடக்குப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றில் மனநலப் பிரிவு. வயதான ரஷ்யப் பெண். முதல் நாள் பின்னேரம் அம்புலன்சில் கொண்டுவந்திருக்கிறார்கள். அப்போது தொலைபேசியில் மொழிபெயர்த்தவர் சொன்னதை வைத்து அவரை வீட்டுக்கு விடாமல் மறித்து வைத்திருக்கிறார்கள். டொக்டர் மறுபடி பேசிப் பார்க்க வேண்டும், இந்த முறை ஆள் நேரே வரவேண்டும் என்று கேட்டிருக்கிறாராம்.

டொக்டர் வாசலிலேயே நின்றார். முப்பது வயதிருக்கும். மார்பில் தொங்கிய அட்டையில் திலக்சன் என்ற பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. “தில்லாக்ஸன்” என்று அவர் தன் பெயரைச் சொன்ன விதத்திலேயே இங்கே பிறந்த பிள்ளை என்று தெரிந்தது. இருவரும் தமிழர் என்பதை இருவரும் கண்டுகொண்டார்கள். இருவரும் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். வேலையிடத்தில் அதுதான் வழக்கம்.

“பெயர் ரிம்மா. எழுபத்தாறு வயது,” என்றார் அவர். “மில்லிக்கனில் மகனோடு இருக்கிறார். மகன் நீண்ட தூர லொறி ஓட்டுபவர், இப்போது மானிற்றோபாவில் நிற்கிறார், நாளைக்குத்தான் வருவார். நேற்று ஸ்ரீல்ஸ் வீதியில் பஸ் நிறுத்தம் ஒன்றில் இவர் கையுறை இல்லாமல், கோட்டுக்குப் பொத்தானும் பூட்டாமல் இருந்திருக்கிறார். வெளியே கழித்தல் பதினேழு. பஸ் சாரதி ஒருவர் இறங்கிப் போய்க் கேட்டிருக்கிறார். இவர் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே வந்த பிறகு ஒரேயொரு வசனம் சொன்னாராம். ‘எனக்கு வாழ விருப்பமில்லை.’”

“அதை அவர் ரஷ்ய மொழியில் எப்படிச் சொன்னார் என்று தெரியுமா?”

“எங்களுக்குக் கிடைத்தது ஆங்கிலம் மட்டும்தான்.”

ரிம்மா கட்டிலில் இருக்கவில்லை. யன்னலோரக் கதிரையில், கையைக் கையோடு கோத்துக்கொண்டு, பள்ளிக்கூட அதிபரைப் பார்க்க வந்தவர்போல நிமிர்ந்திருந்தார். விரல் நுனிகள் சிவந்து தோல் உரியத் தொடங்கியிருந்தன. ரதியைக் கண்டதும் வழக்கம்போல அவர் கண் வாசலுக்குப் போய் வந்தது. ரதி வணக்கம் சொல்லித் தகப்பன் பெயரைக் கேட்டாள். பெயரோடு தகப்பன் பெயரையும் சேர்த்து அழைப்பது அங்கே மரியாதை.

“அர்க்காதியெவ்னா,” என்றார் கிழவி. “நேற்றைய டெலிபோன்காரி அதைக் கேட்கவேயில்லை.”

பேச்சு தொடங்கியது. டொக்டர் மெதுவாக, நேரமெடுத்துக் கேட்டார். ரிம்மா சரத்தோவ் நகரத்தில் பாண் தொழிற்சாலை ஒன்றில் மா பரிசோதிக்கும் பகுதியில் இருந்தவர். புருஷன் போனபின் மகனோடு கனடா வந்தார். பதர்ஸ்ற் வீதியில் ஓர் அடுக்குமாடியில் பல வருடம் இருந்தார். அங்கே கடை, டொக்டர், வாங்குகளில் இருந்து கதைக்கிற ஆட்கள் எல்லாமே ரஷ்ய மொழி. பக்கத்துக் கதவு ஃபீரா என்ற சிநேகிதி. போன வருடம் மகன் மில்லிக்கனில் வீடு வாங்கினான். பெரிய வீடு, புது வீடு. கார் இல்லாமல் ஒரு பாண்கூட வாங்க முடியாத இடம்.

“அங்கே உங்களுக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்டார் டொக்டர்.

“ம்ன்யே தாம் ந்யெ ஷிவ்யோத்ஸா,” என்றார் ரிம்மா.

 நேற்றுச் சொன்ன வசனம் இதுதான் என்று ரதிக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்கு, அங்கே, இல்லை. நாலாவது சொல்லுக்குத்தான் ஆங்கிலத்தில் இடமில்லை. வாழ்தல் என்பது மழை பெய்வதுபோலத் தன்பாட்டில் நடக்கிற ஒன்று, அது எனக்கு அங்கே நடக்குதில்லை என்கிற மாதிரி ஒரு சொல். அதில் விருப்பமும் இல்லை, விருப்பமின்மையும் இல்லை. டெலிபோன்காரி அவசரத்தில் அதற்கு ஒரு ‘நானை’யும் ஒரு ‘விருப்பத்தை’யும் பூட்டிவிட்டிருக்கிறாள். பூட்டாமல் ஆங்கிலத்தில் அதைச் சொல்லவும் வழியில்லை.

“மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் சொல்ல அனுமதி கேட்கிறார்,” என்றாள் ரதி. அப்படிச் சொல்ல மட்டும் இடமிருந்தது. ரிம்மாவிடமும் அதையே ரஷ்ய மொழியில் சொல்லிவிட்டு டொக்டரிடம் திரும்பினாள். “இந்த வசனத்தில் வாழ விருப்பமில்லை என்ற பொருள் இல்லை. வாழ்க்கை என்னவோ, அவருக்கு அங்கே நிகழவில்லை. அப்படி.”

டொக்டர் புருவத்தைச் சுருக்கினார். “வாழ்க்கை தனக்கு நிகழவில்லை என்கிறாரா? தான் தானாக இல்லை என்று உணர்கிறாரா? எல்லாவற்றையும் வெளியே நின்று பார்ப்பதுபோல?”

“இல்லை, இல்லை. அது சாதாரணமாகச் சொல்வது. எல்லாரும் சொல்வார்கள்.”

“எல்லாரும் வாழ்க்கை நிகழவில்லை என்று சொல்வார்களா?”

சொல்லச் சொல்ல நிலைமை மோசமாகிக்கொண்டு போனது. டொக்டர் ஏதோ எழுதத் தொடங்கினார். அந்தப் பேனையைப் பார்த்த ரதி, ஒன்பது வருடத்தில் செய்யாத ஒன்றைச் செய்தாள்.

“டொக்டர், உங்களுக்குத் தமிழ் விளங்குமோ?”

பேனை நின்றது. “ஓம். கொஞ்சம்.”

“அவவுக்கு அங்க இருப்புக் கொள்ளேல்லையாம்.”

திலக்சன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு ரிம்மாவைப் பார்த்தார். இரண்டாவது தடவை பார்த்தபோது அவர் முகத்தில் ஏதோ தளர்ந்திருந்தது.

“ஓ,” என்றார். “அம்மா அப்பிடிச் சொல்லுறவ. நாங்கள் மில்லிக்கனுக்கு மூவ் பண்ணின நேரம். எவ்ரி டே. இருப்புக் கொள்ளேல்லை, இருப்புக் கொள்ளேல்லை எண்டு.”

“அதுதான் இது. சொல்லுக்குச் சொல் அதுதான்.”

“ஓகே.” எழுதியதை அவர் ஒரு கோட்டால் வெட்டினார். ரதிக்கு மூச்சு வந்தது. முதல் நாள் நடந்த பிழை ஒன்று சரியாகிவிட்டது. கிழவி பின்னேரத்துக்குள் வீட்டுக்குப் போய்விடுவார் என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள்.

ஆனால் டொக்டர் எழும்பவில்லை. பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டுச் சொன்னார். “அம்மாவை அப்ப நாங்கள் ஒருத்தரும் மேல ஒண்டும் கேக்கேல்லை. சும்மா சொல்லுறா எண்டு விட்டிட்டம். ஐ ஷுட் ஆஸ்க் ஹேர்.”

அதற்குப் பிறகு தாய்க்கு என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. ரதியும் கேட்கவில்லை. அவர் கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டு மறுபடி ஆங்கிலத்துக்குப் போனார்.

“நேற்று எங்கே போக வெளிக்கிட்டீர்கள்?”

“ஃபீராவிடம்,” என்றார் ரிம்மா. “எனக்கு நித்திரை வரவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் எனக்கு அந்தச் சுவர்களுக்குள் மூச்சு முட்டியது. பஸ் எடுத்தேன். எங்கேயோ பிழையாக இறங்கிவிட்டேன்.”

ரதி மொழிபெயர்த்தாள். ரஷ்ய மொழியில் கிழவி முற்றத்தில் நிற்கிற ஆள்போல நின்றுகொண்டிருந்தார், நித்திரையும் சாப்பாடும் மூச்சும் தம்பாட்டில் வந்து போயின. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வசனமும் ‘நான்’ என்று தொடங்கியது. நான் தூங்கவில்லை, நான் சாப்பிடவில்லை. அதைக் கேட்டால் எல்லாவற்றையும் அவரே திட்டம் போட்டுச் செய்ததுபோல இருந்தது. அது ஆங்கிலத்தின் வழி, ரதியின் கையில் இல்லை.

“பிழையாக இறங்கிய பிறகு?”

“நிறுத்தத்தில் இருந்தேன்.”

“குளிரவில்லையா?”

“எனக்குக் குளிர்ந்தது. பிறகு அவ்வளவு குளிரவில்லை.”

“பக்கத்தில் பிளாஸா ஒன்று இருந்திருக்கிறது. உள்ளே போய் நிற்கலாம் என்று தோன்றவில்லையா?”

ரிம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தார். கார் தரிப்பிடத்தில் பனி தள்ளும் வண்டி ஒன்று பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“தோன்றியது,” என்றார். பிறகு, “யா ரெஷீலா பஸிஜேத்.”

நான் அங்கேயே இருந்துவிடத் தீர்மானித்தேன்.

ரதி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் முன்பு சொன்ன இருபது வசனங்களைப் போலவே அதுவும் ‘ஐ’ என்று தொடங்கி, எந்த வித்தியாசமும் இல்லாமல் டொக்டரின் காதுக்குள் போனது. டொக்டர் தலையாட்டினார். அவருக்கு அதில் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

ரதிக்கு இருந்தது. அந்தக் கிழவி தன் மனதைப் பற்றிச் சொன்ன எல்லாமே அதுவரை ‘எனக்கு’ என்றுதான் வந்திருந்தது. இருப்புக் கொள்ளாமை, நித்திரையின்மை, மூச்சு முட்டல், குளிர். அவற்றில் ஒன்றைக்கூட அவர் தன்னுடைய செயலாகச் சொல்லவில்லை. இப்போது முதல் தடவையாகத் தனக்குள் நடந்த ஒன்றுக்கு ‘யா’ போட்டிருக்கிறார். நான். தீர்மானித்தேன். கழித்தல் பதினேழில், கையுறை இல்லாமல்.

சொல்லாமல் விடலாம். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, இருந்ததை இருந்தபடி சொல்லியாயிற்று. கட்டுப்பாட்டின்படி வேலை முடிந்தது. கிழவிக்கு வீட்டுக்குப் போக விருப்பம். கோட்டைக்கூட மடித்துக் கட்டிலில் ஆயத்தமாக வைத்திருந்தார். பத்து நிமிடத்துக்கு முன் கிழவிக்குச் சாதகமாக வாயைத் திறந்தவள், இப்போது மட்டும் கட்டுப்பாட்டைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பதா என்றொரு கேள்வி அவளுக்குள் வந்தது. அதற்கு அவள் நெடுநேரம் எடுக்கவில்லை.

“டொக்டர்,” என்றாள் தமிழில். “அவ தன்ர மனசைப் பற்றி இவ்வளவு நேரமும் எனக்கு, எனக்கு எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தவ. இப்பதான் ‘நான்’ எண்டவ. நான் தீர்மானிச்சன் எண்டு. இங்கிலீசில உங்களுக்கு அது கேட்டிராது.”

திலக்சன் ரிம்மாவின் பக்கம் குனிந்தார்.

“என்ன தீர்மானித்தீர்கள்?”

ரிம்மா டொக்டரைப் பார்க்கவில்லை. ரதியைத்தான் பார்த்தார். “அவனிடம் உன் மொழியில் என்ன சொன்னாய்?”

இதற்கு மறுமொழி சொல்லவேண்டிய கடமை ரதிக்கு இருந்தது. அறையில் ஒருவருக்கு விளங்காத கதை இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை மீறியவள் அவள்தான். “முதலில், நீங்கள் சாக விரும்புவதாகச் சொல்லவில்லை என்று சொன்னேன். இப்போது, நீங்கள் ‘யா’ என்று சொன்னீர்கள் என்று சொன்னேன்.”

கிழவியின் உதடு இறுகியது. எழும்பிப் போய்விடுவார்போல இருந்தது. எழும்பவில்லை. உரிந்த விரல் நுனியை மற்றக் கையால் மூடிக்கொண்டார்.

“உனக்கு நன்றாகத்தான் படிப்பித்திருக்கிறார்கள்,” என்றார்.

அதையும் ரதி ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லவேண்டியிருந்தது.

பிறகு ரிம்மா சொன்னார். பஸ் வந்தால் ஏறுவது, வராவிட்டால் விடுவது என்று தீர்மானித்தாராம். ஒரு பஸ் வந்தது. கதவு திறந்தது. ஏறவில்லை. இன்னொன்று வந்தது. அதிலும் ஏறவில்லை. தான் என்ன தீர்மானித்திருக்கிறார் என்று அப்போதுதான் தனக்கே தெரிந்தது என்றார். பயமாக இருந்ததா என்று டொக்டர் கேட்டார். இல்லை, இலேசாக இருந்தது, அதுதான் இப்போது பயமாக இருக்கிறது என்றார் ரிம்மா. மூன்றாவது பஸ்காரன் இறங்கி வந்து முகத்துக்கு நேரே குனிந்து ஏதோ கத்தினான். அவன் கத்தியது ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவன் தன் கையுறைகளைக் கழற்றி இவர் கைகளில் மாட்டிவிட்டான்.

இதைச் சொல்லும்போதுதான் அவர் அழுதார். சத்தமில்லாமல், நிமிர்ந்தபடியே அழுதார். ரதி அழுகையை மொழிபெயர்க்கவில்லை. டொக்டர் ரிஷூப் பெட்டியை எடுத்து யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அன்று பின்னேரம் ரிம்மா வீட்டுக்குப் போகவில்லை. தானே சம்மதித்து அங்கே தங்கினார்.

வீட்டுக்கு வந்த ரதி முதலில் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைத் தானே சொன்னாள். நோயாளிக்குத் தெரியாத மொழியில் டொக்டரோடு பேசியது பெரிய மீறல். மறுமுனையில் இருந்த பெண்ணுக்கு ரதிமேல் மதிப்பு இருந்தது. அதனால் அவள் குரல் இன்னும் சங்கடப்பட்டது. மூன்று மாதத்துக்கு மனநலப் பிரிவு வேலைகள் கிடையாது, பல் வைத்தியமும் பள்ளிக்கூடச் சந்திப்பும் மட்டும்தான் என்று தீர்ந்தது.

ராகுலன் சிங்கில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றான். கதையைக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னான்.

“முதல் சொன்னது சரி. ரெண்டாவதை ஏன் சொல்லப் போனனீர்? சொல்லாட்டி மனுசி பின்னேரமே வீட்ட போயிருப்பா தானே?”

“ஓம், போயிருப்பா. அதுக்குத்தான் சொன்னனான்.”

அவன் சிரித்தான். “டொக்டர் வேலை உமக்குச் சரிவரேல்லை. இப்ப டொக்டருக்குப் பக்கத்தில இருந்து டொக்டர் வேலை பாக்கிறீர்.”

பகிடியாகத்தான் சொன்னான். மற்ற நாளென்றால் அவளும் சிரித்திருப்பாள். அன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“சரிவரேல்லை எண்டில்லையப்பா. ரெண்டாவது சோதினைக்கு நான் போகேல்லை. போறன் எண்டு வெளிக்கிட்டுப் போகாமல் விட்டனான். நான்தான் விட்டனான்.”

ராகுலன் குழாயை மூடினான். “தெரியும்,” என்றான்.

“என்ன தெரியும்?”

“அண்டைக்கு நீர் மோல் பார்க்கிங்கில காருக்குள்ள இருந்தனீர். என்னோட வேலை செய்யிற ஒருத்தன் கண்டவன். உம்மட மனுசிக்கு என்ன சுகமில்லையோ எண்டு கேட்டவன்.”

“இவ்வளவு வருசமும் ஏன் என்னைக் கேக்கேல்லை?”

அவன் கையைத் துடைத்தான். துடைத்து முடிந்த பிறகும் துவாயை வைக்கவில்லை. “சரிவரேல்லை எண்டு சொன்னீர். எனக்கும் அதோட விடுறது சுகமாயிருந்தது. கேட்டா நீர் ஏனெண்டு சொல்லுவீர். பிறகு நான் அதுக்கு ஏதும் செய்யவேணும்.”

மகள் மேலேயிருந்து வைஃபை நின்றுவிட்டதென்று ஆங்கிலத்தில் கத்தினாள். ராகுலன் அதைப் பார்க்கப் போனான். போகும்போது அவள் தோளில் ஒரு கை வைத்துவிட்டுப் போனான். அதற்குமேல் அன்றைக்கு அவர்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் போகும்போது நெடுநேரம் கதைத்தார்கள். அது அவர்கள் இருவருக்குமான கதை.

மாசி முடிகிற நேரம் வைத்தியசாலை ரதியைப் பெயர் சொல்லிக் கேட்டது. ரிம்மாவைத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், குடும்பத்தோடு ஒரு சந்திப்பு. வேறு மூன்று மொழிபெயர்ப்பாளர்களை ரிம்மா திருப்பி அனுப்பிவிட்டாராம். “காது கேட்கிற அந்தக் கறுத்தப் பெண் வேண்டும்” என்றாராம். நிறுவனம் யோசித்து, ஒரு தடவைக்கு மட்டும் என்று விட்டது.

மகன் கோஸ்த்யா பென்னாம்பெரிய ஆள். சின்னக் கதிரையில் அடங்காமல் இருந்தான். பல கிழமைகளாக அதே கேள்வியைக் கேட்டு வந்தவன்போல அன்றும் கேட்டான்.

“என் வீட்டில் உங்களுக்கு என்ன குறை, அம்மா? அறை இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது, தோட்டம் இருக்கிறது.”

“ஒன்றும் குறையில்லை, கோஸ்த்யா. ஆட்கள்தான் இல்லை. நீயும் இல்லை. நீ வின்னிபெக்கில் இருக்கிறாய்.”

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான். ஏற்பாடு ஏற்கெனவே ஆகியிருந்தது. பதர்ஸ்ற் வீதியில் ஃபீராவின் வீட்டில் அறையொன்று சும்மா கிடந்தது. ரிம்மா அங்கே போவார். கிழமைக்கு ஒரு தடவை கிளினிக்குக்கு வருவார். மனம் மறுபடி அந்த இலேசான இடத்துக்குப் போனால் யாரிடம் சொல்வீர்கள் என்று திலக்சன் கேட்டார். முதலில் ஃபீராவிடம், அவள் கத்துவாள், பிறகு உங்களிடம் என்றார் ரிம்மா.

லிஃப்றடியில் ரிம்மா ரதியின் கையைப் பிடித்தார். தோல் ஆறியிருந்தது. ஃபீரா வீட்டுக்குத் தேநீருக்கு வா என்றார். வேலையில் சந்தித்தவர்களை வெளியே சந்திக்க எங்களுக்கு அனுமதியில்லை என்றாள் ரதி.

“மடத்தனமான கட்டுப்பாடு.”

“ஓம்,” என்றாள் ரதி, தன்னையறியாமல் தமிழில். லிஃப்ற் கதவு திறந்தது. மகன் பெட்டியோடு முன்னால் ஏறினான்.

அதற்குப் பிறகு ரிம்மாவைப் பற்றி ரதிக்கு ஒரு செய்தியும் வரவில்லை. வரவும் கூடாது. திலக்சனை இரண்டொரு தடவை வைத்தியசாலை நடைபாதையில் கண்டாள். அவர் “ஹலோ அக்கா” என்பார். நோயாளிகளைப் பற்றி அவரும் பேசமாட்டார், இவளும் கேட்கமாட்டாள். ஒரு நாள் மட்டும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் வந்தோம் என்றார்.

ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரதி பதர்ஸ்ற் வீதியில் உள்ள ரஷ்யக் கடையொன்றுக்குப் போனாள். இடைக்கிடை அங்கே போய்த் தயிர்க்கட்டியும் கறுப்புப் பாணும் வாங்குவாள். கடைவாசலில் வத்தகப் பழங்களைக் குவித்து வைத்திருந்தார்கள். அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு வாய்ச்சண்டை நடந்துகொண்டிருந்தது. மஞ்சள் தொப்பி போட்ட ஒரு கிழவி பழங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டு, இது பச்சை, இதுவும் பச்சை, எல்லாவற்றையும் ஒரே கிழமையில் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று கடைக்காரனை உரத்த குரலில் ஏசிக்கொண்டிருந்தார். இன்னொரு கிழவி கையில் பையோடு நின்று, விடு ரிம்மா, விடு ரிம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைக்காரன் கடைசியில் பொறுக்கமாட்டாமல் கத்தியை எடுத்து ஒரு பழத்தை இரண்டாகப் பிளந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தான்.

நல்ல சிவப்பு.

ரிம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “இது ஒன்று தப்பியிருக்கிறது,” என்று சொல்லிவிட்டு அடுத்த பழத்தைத் தட்டத் தொடங்கினார்.

ரதி பாணுக்குக் காசைக் கொடுத்துவிட்டு மற்ற வாசலால் வெளியே போனாள்.